மூளைகள் பலவிதம்: ஃப்ளெக்ஸ் கடையில் கற்ற பாடம்

(இரண்டாம் ஆண்டு மாணவி, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது பேரவைச் செயலாளர் அண்ணன், "பாடம் சம்பந்தமா எழுதும்மா, கவிதை நிறைய வந்துருச்சு" என்றார். ஆஃப்செட் மெஷினில் நாலு கலர் ரெஜிஸ்டர் சேர்ப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது நம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுவோமே என்று இதை எடுத்துக்கொண்டேன்.

பொருளின் பெயர் நியூரோடைவர்சிட்டி. தமிழில் மூளைப் பன்மை என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் மூளை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. படிப்பது, கவனிப்பது, பழகுவது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவது எல்லாவற்றிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் எல்லாவற்றையும் நோய் என்று எழுதிவிடக் கூடாது என்பதுதான் இதன் சாரம். டிஸ்லெக்ஸியா, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. என்று நம் காதில் விழும் பெயர்கள் இதற்குள் வரும். இப்படிப்பட்டவர்கள் டிசைன், அச்சு, விளம்பரம், அனிமேஷன் மாதிரி கலை சார்ந்த வேலை இடங்களில் எப்படி நிலைக்கிறார்கள், ஏன் வெளியேறுகிறார்கள் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் "நமக்கென்ன" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். டிப்ளமோ முடித்து நம்மில் பாதிப் பேர் போய் நிற்கப்போவது சூப்பர்வைசர் வேலையில். முதலாளி சொல்வதை வாங்கித் தொழிலாளிக்குச் சொல்கிற இடம் அது. எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் இந்த விஷயத்தின் உயிரே இருக்கிறது.

என் அண்ணன்

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி ஆபீஸில் லோடுமேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ். நியாயமாகப் பார்த்தால் அந்த முதல் ஆள் என் அண்ணனாக இருந்திருக்க வேண்டும். என்னைவிட ஆறு வயது பெரியவன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடக் கூடாது என்ற விதி இருந்ததால் ஒன்பது வரை வந்துவிட்டான். ஒன்பதில் நின்றான். அது 2015-ஆம் ஆண்டு.

அவனுக்கு எழுத்து பிடிபடவில்லை. வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். கரும்பலகையில் உள்ளதை அவன் பாதி எழுதுவதற்குள் வாத்தியார் அழித்துவிடுவார். ஆனால் ஒரு கதையை வாயால் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். சைக்கிளைப் பிரித்துப் போட்டால் யாரையும் கேட்காமல் மாட்டிவிடுவான். கண்ணில் கோளாறோ என்று அம்மா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கண் நன்றாக இருந்தது. அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. கண்ணும் நல்லா இருக்கு, வாயும் நல்லா இருக்கு, அப்போ திமிர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்கக் கூடாது. நான் அப்போது மூன்றாவது. சாயங்காலம் அம்மா அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நீ வாசி பாப்பா, இந்தத் தடிமாடு கேக்கட்டும்" என்பார்கள். நானும் மூச்சு விடாமல் வாசிப்பேன். முடித்ததும் அவனைப் பார்த்துச் சிரிப்பேன். எனக்கு வாசிப்பு இவ்வளவு சீக்கிரம் வந்ததே அவனைத் தோற்கடிக்கிற அந்த ருசியில்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

பள்ளிக்கூடத்தை விட்டவன், போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஐயா ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்தான். பிரஷ் கழுவினான், ஏணி பிடித்தான். ஆறு மாதத்தில் சுவரில் நூல் அடித்து எழுத்து போட ஆரம்பித்துவிட்டான். வாசிக்கத் தடுமாறுகிறவன் எப்படி எழுதுகிறான்? நான் கேட்டேவிட்டேன். "எழுதல பாப்பா, வரையிறேன்" என்றான். எனக்கு 'ண' என்றால் ஒரு சத்தம். அவனுக்கு அது மூன்று சுழி போட்ட ஒரு படம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'லை'க்குத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்ததல்லவா, பழைய மளிகைக் கடை போர்டு ஒன்றைப் புதுப்பிக்கும்போது அந்த வளைவை அச்சு அசலாகப் போட்டான். அது என்ன எழுத்து என்று கேட்டதற்கு, "தெரியாது, அழகா இருக்கு" என்றான்.

டிஸ்லெக்ஸியா என்றால் என்ன?

அந்தப் பெயரை 1887-இல் வைத்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். புத்திசாலிப் பையன், கண் பார்வையும் சரி, ஆனால் வாசிக்க வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாக மட்டும் இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். இதை லைப்ரரியில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெர்சி 1896-இல் இங்கிலாந்தில், எங்கள் அண்ணன் 2015-இல் இங்கே. நடுவில் 119 வருஷம்.

கோளாறு கண்ணில் இல்லை என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். சொல்லுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஒலிகளைப் பிரித்து, எழுத்தோடு சட்டென்று பொருத்துகிற வேலையில்தான் சிக்கல். புத்தியின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு. (எங்கள் அப்பா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிறவர். பள்ளிக்குப் போகாததால் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம்.) வயதானால் தானாகப் போய்விடுவதும் இல்லை.

எந்த மொழிக்காரருக்கும் இது வரும். ஆனால் எந்த இடத்தில் இடறுகிறது என்பது எழுத்துக்கு எழுத்து மாறும். நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க், பிறகு ஒ. தாளில் முதலில் வருவது ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். ஒரே ஓர் உயிரொலி இரண்டு துண்டாகி மெய்யின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் உறைப்பதில்லை. போதாததற்கு ஒரே 'க' கடலில் ஒரு சத்தம், தங்கத்தில் ஒரு சத்தம், அகலத்தில் ஒரு சத்தம். ல, ள, ழ என்றும் ர, ற என்றும் ன, ண, ந என்றும் எழுத்து தனித்தனியாக இருக்கிறதே தவிர, தெருப் பேச்சில் பாதி வித்தியாசம் காதுக்குக் கேட்பதே இல்லை. காதை நம்பி எழுத முடியாதவன் ஒவ்வொரு சொல்லையும் படமாக மனப்பாடம் செய்ய வேண்டும். அண்ணன் செய்தது அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்கு டிஸ்லெக்ஸியா என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. பரிசோதனைக்கு வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "இருபத்தி நாலு வயசுல எனக்கு எதுக்கு சர்டிபிகேட்டு, கல்யாணப் பத்திரிகைல போடவா?" என்கிறான். நான் டாக்டர் இல்லை. அடையாளங்கள் பொருந்துகின்றன என்பதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

கண்ணீர் அஞ்சலி

சுவர் எழுத்து வேலை குறைந்து ஃப்ளெக்ஸ் பெருகியதும் ஆர்ட்டிஸ்ட் ஐயாவுக்கே வேலை இல்லை. அண்ணன் டவுனில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் ஆனான். கடையின் பெயர் வேண்டாம். ஃபோட்டோஷாப், கோரல்டிரா இரண்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டான். முகத்தை வெட்டி எடுப்பது, பின்னணி சேர்ப்பது, மெஷினில் ஓடும்போது சிவப்பு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் பார்த்து முன்கூட்டியே குறைப்பது எல்லாம் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. நாம் டென்சிட்டோமீட்டரை வைத்துக்கொண்டு செய்வதை அவன் கண்ணாலேயே கிட்டத்தட்டச் செய்வான்.

அந்தக் கடையில் ஆர்டர் வரும் விதத்தைக் கேளுங்கள். முதலாளிக்குப் போன் வரும். அவர் போனைக் காதில் வைத்தபடியே மேட்டரை உரக்கச் சொல்வார். பத்தடி தூரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே நேராக டைப் அடிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் ஐலெட் அடிப்பார். கேட்டது, எழுத்துக்கூட்டியது, அடித்தது மூன்றும் ஒரே நேரத்தில். திருத்திப் பார்க்க ஆள் கிடையாது. ப்ரூஃப் அனுப்புகிற பழக்கமும் கிடையாது.

ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஓர் அஞ்சலி பேனர். காலையில் எடுப்பு. தோற்றம், மறைவு என்று தேதி போடுவோமே, அதில் பிறந்த வருஷம் 1953 என்பது 1935 ஆகிவிட்டது. அது போதாதென்று 'கண்ணீர்' என்பதில் மூன்று சுழி இரண்டாகிவிட்டது. பேனரைக் கட்டிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். செத்தவர் வீட்டு ஆட்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறவர்களுக்கு அது எழுத்துப் பிழையாகவா தெரியும்? முதலாளி எல்லார் முன்னாலும் அண்ணனை அறைந்தார். "எழுதப் படிக்கத் தெரியாதவனை உக்கார வச்சேன் பாரு" என்று சொன்னாராம். பதினேழு நாள் சம்பளம் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கண்ணீருக்கு எந்த ண பாப்பா?"

நான் அப்போது பத்தாவது. சிரிக்கவில்லை. அதுவரைக்கும் சிரித்திருந்தேன்.

பெயர் வந்த கதை

இப்படிப்பட்டவர்களைக் கோளாறுப் பட்டியலில் மட்டும் வைப்பது சரியில்லை என்ற பேச்சு 1990-களில் கிளம்பியது. ஆட்டிசம் உள்ளவர்களே இணையத்தில் ஒன்றுகூடித் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து வந்த பேச்சு அது. ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998-இல் தன் ஆய்வேட்டில் நியூரோடைவர்சிட்டி என்ற சொல்லை எழுதினார். அதே ஆண்டு ஹார்வி ப்ளூம் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 'தி அட்லாண்டிக்'கில் அதை அச்சேற்றினார். காட்டில் பல வகை மரம் இருப்பது காட்டுக்கு நல்லது என்கிறோமே, அந்த மாதிரி மூளையிலும் பல வகை இருக்கட்டும் என்ற எண்ணம்.

நம் பக்கம் பெயர் விஷயத்தில் இன்னும் தடுமாற்றம்தான். ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. சிந்தனையே இல்லை என்று ஒரு மனிதனைப் பற்றி எப்படி முடிவு செய்தார்களோ தெரியவில்லை. 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், இதற்கு நல்ல பதில் எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனசு புரிவதில்லை என்கிறோம். மற்றவருக்கு அவர் மனசு புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்.

ஏ.டி.எச்.டி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவனமே இல்லாதவர்கள் என்று நினைப்பது தப்பு. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் முடியாததுதான் பிரச்சினை. பிடித்த வேலையில் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துவிடுவார்கள். நம் வகுப்பில் டிராயிங் ஹாலில் பத்து நிமிஷம் உட்கார மாட்டாமல், பிராக்டிகலில் மட்டும் மெஷினை விட்டு நகராமல் நிற்கிறவர்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. என்று சொல்ல வரவில்லை. திட்டுவதற்கு முன் யோசிக்கலாம் என்கிறேன்.

இன்னொரு பக்கமும் வழுக்கிவிடக் கூடாது. ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்ஸியா என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. லண்டன் ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷயர் ஆட்டிசம் உள்ளவர். ஹெலிகாப்டரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து 2005-இல் டோக்கியோ நகரத்தையே நினைவிலிருந்து வரைந்தார். அது உண்மை. ஆனால் அவரைக் காட்டி "உன்னிடமும் ஏதோ ஒரு அதிசயம் இருக்கணுமே" என்று எல்லாரிடமும் எதிர்பார்த்தால், அதிசயம் இல்லாதவன் எங்கே போவான்? சாதாரணத் திறமை உள்ளவனுக்கும் சம்பளம் வேண்டும்.

வெளியில் என்ன செய்கிறார்கள்?

பாட்டு, இசைத்தட்டுத் தொழிலில் உள்ள யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளை 2020-இல் 'கிரியேட்டிவ் டிஃபரன்சஸ்' என்று ஒரு கையேடு வெளியிட்டது. கலைத் தொழிலில் மூளைப் பன்மைக்கு எப்படி இடம் கொடுப்பது என்பதற்காகவே எழுதியது. அதே 2020-இல் அமெரிக்காவின் பிக்ஸார் அனிமேஷன் கம்பெனி 'லூப்' என்ற குறும்படத்தை வெளியிட்டது. வாய்ப்பேச்சு வராத ஆட்டிசச் சிறுமி ஒருத்திதான் அதில் கதாநாயகி. அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் அப்படிப்பட்ட ஒரு பெண்தான்.

இன்டர்வியூ முறையிலும் யோசிக்க இடம் இருக்கிறது. டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, கை குலுக்கினானா என்று மார்க் போட்டால் ஆட்டிசம் உள்ள நல்ல டிசைனர் வாசலிலேயே திரும்பிவிடுவார். செய்த வேலைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் சிஸ்டத்தில் உட்காரவைத்துப் பார்க்கலாம். கேள்விகளை முதல் நாளே எழுத்தில் கொடுக்கலாம். வெல்டருக்கு ஆள் எடுக்கும்போது வெல்டிங் பண்ணச் சொல்லித்தானே பார்க்கிறோம்?

எழுத்துருவும் இடைவெளியும்

அச்சுக்காரியாக இதைக் கொஞ்சம் விரித்து எழுத ஆசை. 2008-இல் கிறிஸ்டியன் போயர் என்ற நெதர்லாந்து டிசைன் மாணவர், டிஸ்லெக்ஸியா உள்ளவர், தனக்காகவே 'டிஸ்லெக்ஸி' என்று ஓர் எழுத்துருவை உருவாக்கினார். அடிப்பக்கம் கனமாக, ஒவ்வோர் எழுத்தும் வேறு வேறு சாயலில் இருக்கும். உலகமெல்லாம் பேசப்பட்டது. ஆனால் 2016-இல் வந்த ஓர் ஆய்வு, சாதாரண ஏரியல் எழுத்துக்கும் அதே இடைவெளி விட்டால் அந்த லாபம் மறைந்துவிடுகிறது என்று காட்டியது. உதவியது எழுத்தின் உருவத்தைவிட எழுத்துக்கு நடுவில் இருந்த வெள்ளை. 2012-இல் இத்தாலி, பிரான்ஸ் நாட்டு டிஸ்லெக்ஸியா குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்விலும், எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடம் விட்டதுமே வாசிப்பு வேகம் கூடியது, பிழை குறைந்தது. பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. வெறும் ஸ்பேசிங்!

பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கத்தின் வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. 12 முதல் 14 பாயின்ட், வரி இடைவெளி ஒன்றரை, சாய்வெழுத்தும் அடிக்கோடும் வேண்டாம், இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும், பளீர் வெள்ளைக்குப் பதில் லேசான சந்தன நிறத் தாள். நாம் இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று ஜஸ்டிஃபை போடுகிறோம். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு வரி ஓட்டை விழுகிறது. நல்லா வாசிக்கிறவர்களுக்கே அது எரிச்சல்.

இந்தக் கட்டுரையை மட்டும் இடது ஓரம் வைத்து, வரிகளைத் தளர்த்திப் போடுங்கள் என்று மலர்க் குழுவிடம் கேட்டேன். பக்கம் கூடும், பேப்பர் விலை தெரியுமா என்று முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். மற்ற கட்டுரைகளைவிட இது காற்றோட்டமாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

இரண்டாவது கடை

அறை வாங்கியபின் எட்டு மாதம் அண்ணன் அப்பாவோடு மூட்டை தூக்கினான். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அக்கா நடத்தும் டிசைன் கடையில் சேர்ந்தான். அந்த அக்காவுக்கு நியூரோடைவர்சிட்டி என்ற சொல்லே தெரியாது. கைக்குழந்தையோடு கடை நடத்துகிறவர். போன் அடித்தால் குழந்தை எழுந்துவிடும். அதனால் 'மேட்டரை நீங்களே டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும், போனில் சொல்லும் ஆர்டர் எடுப்பதில்லை' என்று வாசலில் ஒட்டிவிட்டார். குழந்தை தூங்குவதற்காக மெஷின் அறைக்குக் கதவு போட்டார். தகராறுக்குப் பயந்து, வாடிக்கையாளர் ப்ரூஃப் பார்த்து 'ஓகே' என்று அனுப்பினால்தான் பிரிண்ட்.

மூன்றும் அண்ணனுக்காகச் செய்ததில்லை. ஆனால் மூன்றும் அவனுக்குத்தான் வசதியாகப் போயிற்று! வந்த மேட்டரை அவன் அப்படியே காப்பி செய்து போடுகிறான். எழுத்துக்கூட்டுகிற வேலையே அவன் தலையில் இல்லை. சத்தமும் இல்லை. தப்பு என்றால் பிடிக்க இரண்டாவது கண் இருக்கிறது. மிச்சம் இருப்பதெல்லாம் லே-அவுட், கலர், முகம். அதில் அவன் ராஜா.

அப்புறம் நாங்களாகச் சிலதைச் சேர்த்தோம். போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதல்லவா, அதை ஹெட்போனில் போட்டு மேட்டரை ஒரு தடவை கேட்டுவிடுவான். தேதிகளை மட்டும் தனியாக ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்வான். அக்காவும் அவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வார். அவசரம் என்றால் சிவப்புக் காகிதம், சாவகாசம் என்றால் பச்சை.

இதற்கெல்லாம் என்ன செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெஷின் அறைக் கதவு ஒன்றுதான் காசு. அதுவும் குழந்தைக்காகப் போட்டது.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. அக்கா ஊருக்குப் போன நாட்களில் அவர் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து போனிலேயே ஆர்டர் எடுப்பார். அந்த நாட்களில் பழைய அண்ணன் திரும்பி வந்துவிடுகிறான், பழைய பிழைகளோடு. போன ஐப்பசியில் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர் அப்படித்தான் திரும்பி வந்தது. மனுஷன் அவனேதான், மூளையும் அதேதான், நடுவில் மாறியது ஆர்டர் சொன்ன விதம் மட்டும். நம் மெட்டீரியல்ஸ் வகுப்பில் காகிதத்தின் கிரெய்ன் பற்றிப் படித்தோமே, கிரெய்னுக்குக் குறுக்கே மடித்தால் அட்டை வெடிக்கும் என்று, எனக்கு அது ஞாபகம் வந்தது. வெடித்த அட்டையைப் பார்த்துக் காகிதம் மட்டம் என்று சொன்னால் லேப் அசிஸ்டெண்ட் ஸார் நம்மை விடுவாரா?

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியாவும் அதில் கிடையாது. 2016-இல் வந்த உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் இவர்களையும் சேர்த்த பிரிவுகளுக்கு. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது 'நியாயமான ஏற்பாடு' என்ற கருத்து. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ய என்ன மாற்றம் தேவையோ, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதவரை அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். அண்ணன் வேலை பார்த்த மாதிரி நாலு பேர் கடைக்கு அது நடைமுறையில் எட்டாது. அங்கே மனுஷத்தன்மையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பரீட்சைக்கும் வழி உண்டு. சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதுவதற்கு ஆளும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. நம்மில் யாராவது அரியர் மேல் அரியர் வைத்துக்கொண்டு, வாயால் கேட்டால் பதில் சொல்லி, பேப்பரில் மட்டும் ஃபெயில் ஆகிறவர்களாக இருந்தால், வெட்கப்படாமல் ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். என் அண்ணன் மாதிரி பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பேரவைக்கும் ஒரு விண்ணப்பம். இன்பிளான்ட் டிரெயினிங் போகிற இடத்தில் நம் ஜூனியர்களுக்கு வேலையை வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதியோ படம் போட்டோ கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தில் வந்தால் புரியாதவர்களுக்கு வாயாலும் சொல்லலாம். யாருக்கு எது வேண்டும் என்று அவரையே கேட்டுவிடுவது சுலபம். ரெக்கார்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடிக்கும் திருவிழா பற்றியும் எழுத நினைத்தேன். லெக்சரர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் விடுகிறேன்.

கட்டுரையை எழுதி முடித்ததும் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை மெதுவாக வாசித்தேன். அறை வாங்கிய இடம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எம் பேரு போடாத பாப்பா" என்றான். சரி என்றேன். "ஆனா சுவர் எழுத்து யாருக்காவது வேணும்னா சொல்லச் சொல்லு. இன்னும் கை மறக்கல. மேட்டரை மட்டும் அவங்களே எழுதிக் குடுத்துரணும், அதையும் சேத்துப் போடு" என்றான்.

போட்டுவிட்டேன்.